நடு ஆறு

பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்:
தெற்கே எல்லை, ஆற்றின் நடு.
எந்த வருஷத்து ஆறு என்று
எழுதியவர் எழுதவில்லை.

வெள்ளம் வடிந்த பன்னிரண்டாம் நாள்
சோரியாங்குப்பத்துக்கு அளக்கப் போனேன்.
கையில் மஞ்சள் கருவி. வானத்தில்
எட்டு செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டு
காலடிச் சேறு எந்த அரசாங்கம் என்று சொல்லும்.
தென்பெண்ணை தணிகாசலத்தின் கரும்பைத் தின்றுவிட்டு
வடக்கே நாற்பது மீட்டர் வந்து படுத்திருந்தது.

"நடுன்னா, இப்போ என் கொல்லைதானே நடு?
அப்போ பாதிக் கரும்பு கடலூர் ஜில்லாவா?
நிவாரணம் எந்தப் பக்கம் போய் நிக்கிறது?"

கேட்டது நியாயம்.
அந்தக் கரைக்கு ஒரு தொகை, இந்தக் கரைக்கு ஒரு தொகை.
டீசலுக்கும் பிராந்திக்கும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில்
ஐரோப்பா காய்ந்துகொண்டிருந்தது.

நாலு கிளிப். மேலே நார்வே.
கீழே சிசிலியிலிருந்து சொட்டுச் சொட்டாக நம்ம ஊர்ச் செம்மண்.
ஜெர்மனியின் பச்சை சாயம் விட்டு
ரஷ்யாவுக்குள் வழிந்திருந்தது.
"முன்னேயும் ஒருமுறை வழிஞ்சதுதான்," என்றார் மதாம் கிளெமான்ஸ்,
"திரும்பிப் போக நாலு வருஷம் ஆச்சு."

அவர் புருஷன் சவரிராயன், சொல்தா.
பெர்லினில் பிரெஞ்சுக்காரன் பங்குக்கு விழுந்த தெருக்களில்
எட்டு வருஷம் துப்பாக்கியோடு நின்றவர்.
பழைய சாமான் சந்தையில் வாங்கிய படம்,
முதல் யுத்தத்துக்கு முந்தின அச்சு.
நாடு மாறும்போதெல்லாம் புதுசு வாங்க
சம்பளம் இடம் கொடுக்கவில்லை. பென்சிலால் போட்டார்.

அச்சில் போலந்து இல்லை.
பென்சிலில்தான் பிறந்தது.
பிறகு தூக்கத்தில் புரளும் பிள்ளையாக
மேற்கே தள்ளிப் படுத்தது.
பாயின் ஓரத்தில் கிடந்தவர்கள் தரையில்.
ஆஸ்திரியா, பாகப்பிரிவினையில்
சமையலறை மட்டும் கிடைத்த மூத்தவன்.
இன்னும் கீழே, அவர் கை நடுங்கத் தொடங்கிய காலத்தில்,
ஒரு நாடு அப்பளமாக நொறுங்கியிருக்கிறது;
கோடுகளும் நேராக இல்லை.

ஜெர்மனியின் குறுக்கே போட்ட கோட்டை மட்டும்
ஒரு நவம்பர் ராத்திரி
ரப்பர் தீரும்வரை அழித்தாராம்.
அந்த இடத்தில் தாள் மெலிந்து
பாகூர் வெயில் இந்தப் பக்கம் வருகிறது.

எங்கள் கோடு மட்டும் என்ன யோக்கியம்.
கடலூரில் கோட்டையை விலை பேசிய நாளில்
பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை என்று கிரயம்.
குண்டு கிராமம் என்றே பேர் நின்றுவிட்டது.
என் அம்மா பிறந்தது அதில் ஒன்றில்.
வெடிமருந்து அன்று கொஞ்சம் நமுத்திருந்தால்
அவள் தாத்தாவுக்குத் தாத்தா
வேறு கொடிக்கு வரி கட்டியிருப்பார்.

விதி ஒன்று உண்டு எங்கள் படிப்பில்:
ஆறு மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும்.
தாவினால், எல்லை பழைய இடத்திலேயே நிற்கும்.
"நகர்ந்துச்சா, தாவிச்சா?" என்றேன்.

"ராத்திரி ரெண்டு மணி. சத்தத்துல முழிச்சேன்.
கன்னுக்குட்டியை அவுக்கக்கூட நேரம் இல்லை."

தாவியது, என்று எழுதினேன்.
ஒரு சொல். பேனா மழையில் ஊறி இரண்டுமுறை அடைத்துக்கொண்டது.

ஆக எல்லை இப்போது தண்ணீருக்கு அந்தப் பக்கம்,
யாரும் நடக்காத புது மணலில்.
மதாம் பென்சில் துண்டை எடுத்து வந்தார்,
எங்கே என்று காட்டச் சொன்னார்.
அந்தப் படத்தில் நம் ஊர் இல்லை, மதாம்.
"தெரியும்," என்றார். பென்சிலை உள்ளே வைக்கவில்லை.

சிவப்புத் துணி கட்டிய குச்சியைத் தலைக்குமேல் பிடித்து
கழுத்தளவு நீரில் தணிகாசலம்
தன் நிலத்துக்குப் போகிறார்.
அவர் பிளந்த தண்ணீர்
அவர் முதுகுக்குப் பின்னால்
உடனே சேர்ந்துகொள்கிறது.